பொன்னாடையால் துடைத்தேன்

எனக்கு முதலில் போனது தூக்கம். அது போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இருட்டு விலகும் முன்பே எழுந்து, சமைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வேலையாட்கள் வருவதற்குள் தோட்டத்தில் பாதி வேலையை முடித்துவிடுவேன். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். என் கணவர் தங்கராசு அப்போது டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசிக்கொண்டிருந்தார். "எங்க வசந்தா ஒருத்தி நாலு ஆளுக்குச் சமம்யா."

நோயின் முதல் அறிகுறிக்கு எனக்குக் கிடைத்தது பாராட்டு. பல வருடம் கழித்து அதே நோயைப் பற்றி எழுதியதற்கும் பாராட்டுதான் கிடைத்தது. இரண்டுமே எனக்கு நல்லதாக முடியவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதே நோயோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஒருநாள் விடியற்காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு கவாத்து செய்ய ஆரம்பித்தேன். திராட்சையில் ஒரு காய்ப்பு முடிந்ததும் கொடியை ஒட்ட வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டினால்தான் புதுத் துளிர் வந்து அடுத்த பூ பிடிக்கும். ஆனால் அன்று பந்தலில் குலைகள் நிறம் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் சில நாளில் அறுக்க வேண்டியவை. கொடிகளுக்கு மூச்சு முட்டுகிறது, வெட்டிவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியான சொல் இல்லை. எனக்கு அது தெரிந்தது.

ஆட்கள் வந்தபோது குலைகள் எல்லாம் மண்ணில் கிடந்தன. நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்ததும் எனக்குத் தெரியவில்லை.

காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். மந்திரித்தார்கள். அதிலும் அடங்கவில்லை என்றதும், சொந்தக்காரர் ஒருவர் ஒரு காப்பகத்தைச் சொன்னார். "வீடு மாதிரி பாத்துக்கிருவாக" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வார்களோ தெரியாது.

அந்தக் காப்பகத்தில் என்னை முதலில் மொட்டை அடித்தார்கள். பேன் பிடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். பிறகு சுவரோரமாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார்கள். போட்ட ஊசியில் கண் பாதி சொருகியிருந்தது, வாயோரம் எச்சில். அந்தப் போட்டோவை என் கணவரின் போனுக்கு அனுப்பினார்கள். ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்பதற்கு அத்தாட்சி.

அங்கே சாப்பாட்டோடு ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். கூடக் கேட்டால் கிடையாது. தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்கப் போவோம், போனால் கூட ஒரு ஆள் வர வேண்டும், வரவில்லை என்றால் பாயை நனைப்போம். அதனால் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். வேலையை எளிதாக்கிக்கொள்ள மனிதர்கள் என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள். நான் துணி துவைக்கும் கல்லின் குழியில் தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். அந்தச் சுவை இன்னும் நாக்கின் அடியில் இருக்கிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முறுக்கும் மிக்சரும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்த தங்கராசு, நான் அந்தக் கல்லின்மேல் குனிந்திருந்ததைப் பார்த்தார். கேட்டருகே போய் வாந்தி எடுத்தார். அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் அந்த வாந்திக்காக அவரை நான் கைவிட மாட்டேன்.

பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவின் முன்னால் இருந்த நடைக்கூடத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் என் கணவர் கதையை ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அவங்க சொல்லட்டும்" என்றார். அதற்கு முன்னால் யாரும் என்னைச் சொல்லவிட்டதில்லை என்பதால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அழுதேன்.

எனக்கு வந்திருப்பது இருமுனைக் கோளாறு (மனம் கட்டுக்கடங்காத எழுச்சிக்கும் எழுந்திருக்கவே முடியாத சோர்வுக்கும் இடையே மாறிமாறிப் போகும் நோய்) என்று சொன்னார். லித்தியம் (மனநிலை ஏறி இறங்காமல் ஒரு மட்டத்தில் நிறுத்தும் மருந்து) எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் சொன்னதை நான் இன்றும் பாடமாக ஒப்பிப்பேன்.

"இது ஒரு வகை உப்பும்மா. உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தத்துல இதோட அளவு ஏறும். அளவு மீறினா விஷம். கை பயங்கரமா நடுங்கும், வாந்தி, பேதி, பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். அதனால தண்ணி பாட்டில் இல்லாம வெளிய போகவே கூடாது. தாகம் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். வரட்டும், போயிட்டு வாங்க."

தண்ணீருக்காகக் கல்லை நக்கியவளிடம் ஒருவர் தண்ணீர் குடி, நிறையக் குடி என்கிறார். எனக்கு அது வைத்தியம் மாதிரியே கேட்கவில்லை, வரம் மாதிரிக் கேட்டது.

நோய் ஒரு வாரத்தில் பிடித்தது, தேற வருடங்கள் ஆயின. எழுச்சி இறங்கியதும் சோர்வு வந்தது. பல் துலக்கக்கூடக் கை எழாத நாட்கள். உடம்பு பெருத்தது. காபித் தம்ளரைப் பிடித்தால் விரல்களில் ஒரு மெல்லிய நடுக்கம், அது இன்னும் இருக்கிறது. அவ்வப்போது ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி) எல்லாம் சோதிக்க வேண்டும். மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிடுவதில்லை. வெட்டி எறிந்த குலைகள் கண்ணுக்குள் இருக்கும்வரை தவறவிடவும் மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மாத்திரை இல்லை. அது, மாத்திரை போட்டியா என்ற கேள்வி.

உரக்கடைக்காரர் கொடிக்குத் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட்டேன். "மாத்திரை போட்டியா?" கல்யாண வீட்டில் பழைய தோழியோடு விழுந்து விழுந்து சிரித்தேன். "மாத்திரை போட்டியா?" நாத்தனார் என் நகையைக் கேட்காமல் எடுத்துப் போனதைச் சொன்னேன். அதற்கும் அதே கேள்வி. கேட்பதில் அன்பு இருக்கிறது, பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி விழுந்ததும் நான் சொன்ன விஷயம் செத்துவிடுகிறது. உரக்கடைக்காரரும் தப்பித்தார், நாத்தனாரும் தப்பித்தாள். ஒரு வியாதிக்காரிக்குக் கோபப்பட நியாயம் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நானே என்னைச் சந்தேகிக்கப் பழகிவிட்டேன். கோபம் வந்தால் எண்ணிப் பார்ப்பேன். நேற்றுத் தூங்கினேனா? பசித்துச் சாப்பிட்டேனா? பேச்சு வேகமாகிறதா? யோசனை ஒன்றை ஒன்று முந்துகிறதா? இந்தச் சோதனையை நீங்களும் செய்துகொள்ளுங்கள், உதவும். எல்லாம் சரியாக இருந்தால், அந்தக் கோபம் உங்களுடையது.

எழுத ஆரம்பித்தது எரிச்சலில்தான். ஒரு செய்தியில், பேருந்து நிலையத்தில் திரிந்த பெண்ணைப் பற்றி 'மனநோயாளிப் பெண் ரகளை' என்று போட்டிருந்தார்கள். அவள் செய்த ரகளை என்னவென்று பார்த்தால், தன் மேல் கல் எறிந்தவர்களைத் திட்டியிருக்கிறாள். ஒரு சிறு மாத இதழுக்கு அதைப் பற்றி எழுதினேன், போட்டார்கள். தொடர்ந்து எழுதச் சொன்னார்கள். காப்பகத்தைப் பற்றி எழுதினேன், மாத்திரைகளைப் பற்றி, வேலை கேட்டுப் போனால் முகம் மாறுவதைப் பற்றி, தண்ணீரைப் பற்றி. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகமாக வந்தது.

அதற்குத்தான் அந்த விருது. தேனியில் ஒரு சேவைச் சங்கம். அதன் செயலாளர் தட்டில் பழங்களோடு வீட்டுக்கே வந்தார். எனக்கு 'மனநல மாமணி' என்று பட்டம் தரப் போவதாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, தங்கராசுவிடம் சொன்னார்.

"அண்ணே, மேடம் கொஞ்ச நேரம் மேடையில ஒக்காந்துக்கிருவாகள்ல? நடுவுல ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"அதெல்லாம் இருந்துக்கிருவா. மாத்திரை கரெக்டா போட்டுக்கிர்றா" என்றார் என் கணவர்.

"நான் இங்கனதான் நிக்கிறேன். என்கிட்டயே கேளுங்க" என்றேன்.

செயலாளர் சிரித்தார். "கோவிச்சுக்கிறாதீக மேடம். இன்னொரு விஷயம். நீங்க நோயில இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதும் இருக்கா? 'அன்றும் இன்றும்'னு ஒரு பிளெக்ஸ் அடிச்சம்னா பாக்குறவுகளுக்கு நச்சுன்னு பதியும்."

"இருக்கு. தர மாட்டேன்."

இவ்வளவு கேட்ட பிறகும் ஏன் ஒப்புக்கொண்டாய் என்று நீங்கள் கேட்கலாம். ஆசைதான். புகழுக்கு ஆசை இல்லை. அந்த மேடையில் என்னை எழுதுகிறவளாக நாலு ஊர்ச்சனம் பார்த்துவிட்டால், என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு வரும், வீட்டில் அந்தக் கேள்வி நிற்கும் என்று நினைத்தேன். அது ஒன்றுக்காக நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டப வாசலில் பிளெக்ஸ் காற்றில் புடைத்துக்கொண்டு நின்றது. வலப்பக்கம் நான், சிரித்த முகம். இடப்பக்கமும் நான்தான். மொட்டைத் தலை, சொருகிய கண், வாயோரம் எச்சில். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்ததில் அந்த எச்சில் ஒரு விரல் நீளத்துக்கு மின்னியது. அதன் முன்னால் நின்று இரண்டு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவரைப் பார்த்தேன்.

"கேட்டாக, அனுப்புனேன்" என்றார். "நீ எம்புட்டுத் தேறி வந்திருக்கன்னு நாலு பேரு பாக்கட்டும்னுதான்."

அவர் முகத்தில் உண்மையாகவே பெருமை இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் குமட்டியது. கெட்டவராக இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். நின்று, என் சோதனையைச் செய்தேன். தூங்கியிருந்தேன். சாப்பிட்டிருந்தேன். பேச்சு நிதானமாக இருந்தது. அருவருப்பு மட்டும் தொண்டைவரை இருந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே முதல் இரண்டு வரிசையிலும் மொட்டைத் தலைப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே அரக்கு நிற நைட்டி, மேலே ஒரு துண்டு. ஏதோ ஒரு காப்பகத்திலிருந்து வேனில் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள்.

"உங்களுக்காகவே ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணுனோம் மேடம்" என்றார் செயலாளர். "உங்க கையால இவுகளுக்குச் சேலை குடுக்குறோம். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓரத்தில் இருந்தவளிடம் பெயர் கேட்டேன். முருகேஸ்வரி என்றாள். சொல்வதற்கு நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிய வேண்டியிருந்தது, அந்தச் சத்தம் கேட்டது. உதட்டில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மடியில் கை தூக்கித் தூக்கிப் போட்டது. என் விரலில் இருக்கிற மெல்லிய நடுக்கம் இல்லை அது.

"அக்கா, தண்ணி இருக்கா?"

என் பாட்டிலைக் கொடுத்தேன். அவள் மூடியைத் திருகுவதற்குள் வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த காப்பகத்து மேற்பார்வைக்காரம்மா எழுந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

"குடுக்காதீக மேடம். காலையிலருந்தே குடுக்கல. குடுத்தா ஒவ்வொருத்தியா ஒண்ணுக்கு ஒண்ணுக்குன்னு எந்திரிப்பாளுக. பெரிய மனுசங்க வர்ற எடத்துல நல்லாவா இருக்கும்?"

"இவுகளுக்கு என்ன மாத்திரை குடுக்குறீக? லித்தியம் இருக்கா?"

"என்னென்னமோ இருக்கு. எழுதிக் குடுத்ததக் குடுக்குறோம்."

செயலாளரிடம் ஓடினேன். தண்ணீர் இல்லாமல் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று சொன்னேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். "விழா முடியட்டும் மேடம். டிபனே சொல்லியிருக்கோம், கேசரியோட." அதற்குள் வாசலில் வெடிச்சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். என்னைத் தள்ளாத குறையாக மேடைக்கு ஏற்றினார்கள்.

மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல். கீழே பத்தடியில் காய்ந்த வாய்கள். நடுவில் பூச்சட்டி.

தொகுத்துப் பேசியவர் நல்ல குரல்காரர். என் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்கப் போவதாகச் சொன்னார். எத்தனையோ பக்கம் இருக்க, அவர் கைக்கு வந்தது அந்தப் பக்கம். 'லித்தியம் எடுப்பவரிடமிருந்து தண்ணீரைப் பறிப்பது அவருக்கு விஷத்தை ஊட்டுவதற்குச் சமம். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். கேட்கும் துணிச்சலை நாம் முன்பே அடித்துப் பிடுங்கியிருப்போம்.' ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மண்டபமே கைதட்டியது. மடியில் என் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு மேற்பார்வைக்காரம்மாவும் தட்டினார்.

எழுதியதன்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அந்த நிமிடம்தான். அந்த வரிகளை எழுத நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவை இவர்கள் காதுக்குள் போய் இனிப்பாக மாறிவிட்டன.

சிறப்பு விருந்தினர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார். கேமராக்காரர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினோம். பிறகு மைக்கை என்னிடம் தந்தார்கள். நன்றி சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள்.

"இப்ப கைதட்டுனீகள்ல" என்று ஆரம்பித்தேன். "முன்னாடி ஒக்காந்திருக்க இவுகளுக்குக் காலையிலருந்து தண்ணி குடுக்கல. குடுங்க. பேச்ச அப்புறம் வச்சுக்கிருவோம்."

யாரும் அசையவில்லை. சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உருக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"தண்ணி குடுங்க!" என்று கத்தினேன். மைக் வீறிட்டது.

செயலாளர் சிரித்த முகத்தோடு வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நான் கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையிலிருந்த பாட்டில்களை வாரி எடுத்தேன். சிறப்பு விருந்தினர் முன்னால் இருந்ததையும் எடுத்தேன், அவர் பாவம், நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். படியிறங்கிப் போய் முதல் வரிசையில் கொடுத்தேன். முருகேஸ்வரியின் கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. அவள் பயந்து போய் என்னைப் பார்த்தாள், அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ. கைக்கு அகப்பட்ட துணியால் அவள் மடியைத் துடைத்தேன். தோளில் கிடந்த பொன்னாடைதான் கைக்கு அகப்பட்டது.

மண்டபத்தில் ஒரு 'ச்ச' கேட்டது. தண்ணீர் கொடுக்காததற்கு வராத சத்தம் அதற்கு வந்தது.

"பொன்னாடையப் போட்டுத் தொடைக்கிறா பாரு" என்றது ஒரு குரல். "அதான, முழுசாக் கொணமாயிருமா என்ன?" என்றது இன்னொன்று.

அப்போது செயலாளர் மைக்கில் சொன்னார். "மேடத்துக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. தப்பா எடுத்துக்கிறாதீக. அவுக பூரண குணமடைய எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் மௌனமா வேண்டிக்கிருவோம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். உயிரோடு, தண்ணீர் பாட்டிலோடு நடுவில் நிற்கிற எனக்கு மௌன அஞ்சலி. அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. முதல் வரிசைப் பெண்கள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். பிடுங்க வேண்டிய மேற்பார்வைக்காரம்மாவும் தலைகுனிந்து எனக்காக வேண்டிக்கொண்டிருந்ததால் பாட்டில்கள் காலியாகும்வரை குடித்தார்கள்.

என் மேல்கையை யாரோ பிடித்தார்கள். தங்கராசு. "இந்தா, வா. போதும்." காப்பகத்துக்குக் கூட்டிப்போன அன்று பிடித்த அதே இடம், அதே அழுத்தம். ஆனால் கூடவே நடந்தேன். முரண்டு பிடித்தால் அதையும் நோய்க் கணக்கில்தான் எழுதுவார்கள்.

அவர் ஓட்டிய கார் வீரபாண்டியைத் தாண்டியது. பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

விருது வாங்கி நான் நிறுத்த நினைத்த கேள்வி அது. சின்னமனூர் வந்தது, போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன், ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது?

காலையில் பார்த்தால் அவர் டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கியிருந்தார். மருந்தைக் கூட்டச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அதே நடைக்கூடம், அதே பெஞ்சு. காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னிடம் தூக்கம், பசி எல்லாம் கேட்டார். சொன்னேன். ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறது என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"மேடையில கத்திப்புட்டா சார். ஊர்ப்பட்ட சனத்துக்கு முன்னாடி."

"என்ன சொல்லிக் கத்தினாங்க?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி குடுங்கன்னு."

"யாருக்கு?"

"முன்னாடி ஒக்காந்திருந்த காப்பகத்துப் பொம்பளையாளுகளுக்கு. காலையிலருந்து குடுக்கலயாம்."

"கொடுத்தாங்களா?"

தங்கராசு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் தனக்குள் கேட்டுப் பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"இல்ல சார்" என்றார் மெதுவாக. "ஒருத்தரும் குடுக்கல. இவதான் எடுத்துட்டுப் போயிக் குடுத்தா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னிடம் முருகேஸ்வரியின் கை எப்படி நடுங்கியது, பேச்சுக் குழறியதா, எந்தக் காப்பகம், வேனில் பெயர் இருந்ததா என்றெல்லாம் கேட்டார். என் முன்னாலேயே போனை எடுத்து யாரிடமோ பேசினார். அந்தப் பெண்களுக்கு உடனே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது கேட்டது. முருகேஸ்வரியை மட்டும் அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். போய்ப் பார்த்தேன். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. தலைமாட்டில் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது, எனக்கு அது போதும்.

எனக்கு மருந்து மாறவில்லை. அதே அளவுதான்.

ஊரில் பேச்சு ஓயவில்லை. பொன்னாடையை அவமதித்தவள் என்று இன்னும் சொல்கிறார்கள். எதற்காகத் துடைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சங்கத்துக்காரர்கள் கேடயத்தை ஆள் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்ததாகவும், வியாதிக்காரி என்று மன்னித்துவிட்டதாகவும் கேள்வி. அவர்களுடைய மன்னிப்பு எனக்கு ஏப்பம் மாதிரி நாறுகிறது.

சில நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உரமூட்டைகளின்மேல் ஏதோ விரித்திருந்தது. அந்த பிளெக்ஸ். மழைக்கு ஆகும் என்று என் கணவர் திரும்பப் போய் மண்டபத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் பக்கம் பிளெக்ஸை யாரும் வீணாக்குவதில்லை. மொட்டைத் தலை மேலே பார்த்துக் கிடந்தது, எச்சிலோடு.

எனக்குள் கோபம் ஏறியது. அடிவயிற்றிலிருந்து ஏறி, மார்புக்கு வந்து, காது சூடானது. பந்தலுக்கு அடியில் நின்றிருந்த அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், பிளெக்ஸைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்தக் கேள்வியின் முதல் எழுத்துக்கு உதடு கூடியதை நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"நான் என்னா செஞ்சேன், சொல்லு" என்றார்.

இத்தனை வருடத்தில் என் கோபத்துக்கு அவர் காரணம் கேட்டது அதுதான் முதல்முறை.

"என் மூஞ்சிய என்னைக் கேக்காம ஏன் குடுத்தீக?"

அவர் மூட்டைகள் பக்கம் திரும்பினார். போய் பிளெக்ஸை இழுத்தார், மடித்தார், மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "கேட்டிருக்கணும்" என்றார். நான் இன்னும் திட்டினேன். செயலாளரைத் திட்டினேன், மௌனத்துக்கு எழுந்து நின்ற அத்தனை பேரையும் திட்டினேன், என் கையைப் பிடித்து இழுத்ததற்கு அவரையும் திட்டினேன். முடியும்வரை அவர் கேட்டார்.

முடிந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுச்சி நிலையில் இருந்தபோது என் உடம்புக்கு முடிவு என்பதே தெரியாது. ஏறியது ஏறிக்கொண்டே போகும், பகலும் இரவும் ஒன்றாக ஓடும். இந்தக் கோபம் ஏறியது, நின்றது, இறங்கியது. காதின் சூடு தணிந்தது. தாகம் எடுத்தது. மோட்டாரைப் போட்டு, குழாயில் வாய் வைத்து, வயிறு நிறையக் குடித்தேன். வெயில் சாய்ந்திருந்தது. கவாத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று குலைகளைப் பார்த்ததும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாத்திரையை யாரும் கேட்காமல் போட்டுக்கொண்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.